பேயாவதற்கு ஒரு தகுதி

தமிழ்ப் படத்தில் பேயாக வருவதற்கு ஒரு தகுதி வேண்டும். உயிரோடு இருந்த காலத்தில் யாரும் ஒரு பொருட்டாக மதிக்காத ஆளாக இருந்திருக்க வேண்டும். ராகவா லாரன்ஸின் படவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘முனி’யில் (2007) அரசியல்வாதியை நம்பி மோசம்போன குடிசைப்பகுதிக்காரர். ‘காஞ்சனா’வில் (2011) ஒரு திருநங்கை, அவருக்கு அடைக்கலம் கொடுத்த இஸ்லாமியர், அந்த இஸ்லாமியரின் அறிவுசார் குறைபாடுள்ள மகன். மூன்று பேரையும் ஒரே நிலத்தில் புதைத்திருக்கிறார்கள். ‘காஞ்சனா 2’இல் (2015) காலை இழுத்து நடக்கும் பெண். சுந்தர் சி.யின் ‘அரண்மனை 2’இல் (2016) குடும்ப கௌரவத்துக்காக வீட்டாரே கொன்ற மகள். அஸ்வின் சரவணனின் ‘மாயா’வில் (2015) மனநலக் காப்பகத்தில் பரிசோதனைப் பொருளாக்கப்பட்ட பெண். வரிசையாக எழுதிப் பார்த்தால் அரசின் நலத்துறைகள் வைத்திருக்கும் பயனாளிகள் பட்டியலைப் போல இருக்கிறது. வசதியானவர் செத்தால் மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்குகிறார். இவர்கள் செத்தால் மட்டும் அதே சுவரில் தலைகீழாக நடக்கிறார்கள்.

பேய்ப்படத்தை ரசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, “அவர்களுக்கு நியாயம் கிடைக்கிறதே, அது போதாதா?” என்று கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள். என் மாணவிகளே கேட்டிருக்கிறார்கள். காஞ்சனாவைப் பார்த்துத் திருநங்கைகள் மேல் மரியாதை வந்தது என்று அவர்கள் சொல்லும்போது அது பொய் இல்லை. சரத்குமார் போன்ற ஒரு நட்சத்திரம் சேலை கட்டி, கேலிக்கு இடம் தராமல் அந்தப் பாத்திரத்தை நடித்ததைத் திருநங்கைகள் பலர் வரவேற்றார்கள் என்பதும் உண்மை. ஆகவே நல்ல நோக்கமா கெட்ட நோக்கமா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. நோக்கம் எதுவாக இருந்தாலும், பேய்ப்படம் என்ற வகைமைக்கென்று ஒரு எந்திரம் இருக்கிறது. அதற்குள் எதைப் போட்டாலும் அது தன் வேலையைத்தான் செய்யும். அந்த வேலை என்ன என்பதுதான் என் கேள்வி.

‘காஞ்சனா’வை மறுபடி ஒருமுறை, இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு படமாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பாதியில் கதாநாயகன் உடம்பில் ஆவி புகுகிறது. அவன் மஞ்சள் பூசிக் குளிக்கிறான், வளையல் போடுகிறான், சேலை கட்டுகிறான், நாணிக் கோணி நடக்கிறான். அம்மாவும் அண்ணியும் அலறுகிறார்கள். அலறலுக்கு அரங்கம் சிரிக்கிறது. ஆண் உடம்பில் பெண் நடை தென்பட்டால் அது பயம், பயந்தவர்களைப் பார்த்தால் அது சிரிப்பு. ஏறக்குறைய பாதிப் படம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி ஊட்டுகிறது. பிறகு ஃப்ளாஷ்பேக் வருகிறது. இப்போது அதே மஞ்சள், அதே வளையல், அதே சேலை. ஆனால் இந்த முறை அழ வேண்டும். பெற்றவர்கள் துரத்திய கதை, இன்னொரு திருநங்கைப் பிள்ளையை எடுத்து வளர்த்து மருத்துவம் படிக்க வைத்த கதை, மருத்துவமனை கட்ட வைத்திருந்த நிலத்துக்காக அடித்துக் கொல்லப்பட்ட கதை. அரங்கம் அழுகிறது. சற்று முன்னால் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று யாருக்கும் உறுத்தவில்லை. உறுத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் வகைமையின் திறமை. சிரிப்புக்கு ஒரு அறை, கண்ணீருக்கு ஒரு அறை, நடுவில் இடைவேளை, பாப்கார்ன்.

நடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதைக்குள் காஞ்சனா பழிவாங்குவதற்குக் கதாநாயகன் தன் உடம்பை இரவல் தருகிறான். கதைக்கு வெளியே காஞ்சனாவாக நிற்பதற்கு இன்னொரு ஆண் நட்சத்திரம் தன் உடம்பை இரவல் தருகிறார். ஆக, ஒரு திருநங்கையின் கோபத்தைச் சொல்ல இரண்டு ஆண் உடம்புகள் தேவைப்பட்டன. இந்தியில் ‘லக்ஷ்மி’ (2020) என்று எடுத்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. காஞ்சனா வெளியான அதே 2011இல்தான் ‘நர்த்தகி’யும் வந்தது. விஜயபத்மா இயக்கிய படம். திருநங்கையான கல்கி சுப்ரமணியம் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். அதில் பேய் இல்லை. எத்தனை பேருக்கு அந்தப் படம் நினைவிருக்கிறது என்று வகுப்பில் கேட்டால் கை எழுவதில்லை. அதற்கும் முன்பே, 2005இல் ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ என்று திருநங்கைகள் தம் வாழ்வைத் தாமே தமிழில் எழுதி அச்சாகியும் இருந்தது. வித்யாவின் நூலைக் கன்னடத்தில் படமாக்கினார்கள், நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்கும் தேசிய விருது. இருவரும் நல்ல நடிகர்கள். விருதைக் குறை சொல்லவில்லை. கதவு யாருக்குத் திறக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாட்டார் மரபைக் காட்டி இந்த வகைமைக்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. கொலையுண்டவர் தெய்வமாவது நம் மரபுதானே, இசக்கியும் நீலியும் அப்படி வந்தவர்கள்தானே என்பார்கள். நல்ல கேள்விதான். தென்மாவட்டத்தில் கொலையில் உதித்த தெய்வத்துக்குக் கொடை கொடுக்கிறார்கள். வில்லுப்பாட்டில் அவள் கதையை ஆதியோடந்தமாகப் பாடுகிறார்கள், கொன்றவன் யார் என்பதையும் சேர்த்துத்தான். ஊர் அந்தக் குற்றத்தை மறக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அவள் ஊரை விட்டுப் போவதில்லை, ஊர் எல்லையிலேயே நிலையம் கொள்கிறாள். பேய்ப்படத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். கடைசிக் காட்சியில் பேயைக் கரையேற்றி அனுப்பிவிட்டு, வீட்டை வெள்ளையடித்துக் குடும்பம் ஒன்றாக நின்று சிரிக்கிறது. இல்லையென்றால், அடுத்த பாகம் வருகிறது என்று சொல்ல ஒரு கண் சிமிட்டல்.

நீலியின் கதையையே கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கணவனால் கொல்லப்பட்டவள் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் இவன் என் கணவன், என்னோடு அனுப்புங்கள் என்று வழக்குரைக்கிறாள். அவர்கள் பிணை நின்று அனுப்புகிறார்கள். அவள் அவனைக் கொல்கிறாள். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். இந்த நீலி யாருடைய உடம்பிலும் ஏறவில்லை. தன் உருவத்தில் வருகிறாள், சபையில் நின்று பேசுகிறாள், பேச்சால் வெல்கிறாள். அந்த வகையில் அவள் நம் திரைப்பேய்கள் எல்லாவற்றையும்விட நவீனமானவள். ஆனால் மொழி அவளுக்கு என்ன செய்தது? எழுபது பேரின் வாய்மையை வரலாறாக்கியது. அவளுடைய அழுகையை ‘நீலிக் கண்ணீர்’ ஆக்கியது. கொலையுண்ட பெண்ணின் கண்ணீர்தான் தமிழில் பொய்க் கண்ணீருக்குப் பெயர். தினமும் பத்திரிகைத் தலைப்பில் பார்க்கிறோம், அரசியல்வாதிகள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள. யாருக்கும் சுருக்கென்பதில்லை. கதை முடிந்த பிறகும் வசைச்சொல் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

புதிய சாட்சியும் உண்டு. ‘சந்திரமுகி’ (2005) எல்லோருக்கும் தெரிந்த படம், சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. அதில் பேய் கிடையாது, மனநோய்தான் என்று படமே சொல்கிறது. அதனால் பகுத்தறிவுப் படம் என்று பாராட்டியவர்களும் உண்டு. ஆனால் அந்த நோயை அது எப்படிக் காட்டுகிறது? கண் நிறைய மை, விரித்த தலை, கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கும் பலம், கொலைவெறி. பேயின் அங்க அடையாளங்கள் ஒன்று விடாமல் அப்படியே இருக்கின்றன. பெயரை மட்டும் மருத்துவப் பெயராக மாற்றியிருக்கிறார்கள். மனநல மருத்துவராக வருபவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்ததாக நினைவில்லை. ஒரே இரவில், மந்திரவாதியையும் கூட்டு வைத்துக்கொண்டு, நெருப்பும் பொம்மையுமாக ஒரு நாடகம் நடத்திக் குணமாக்கிவிடுகிறார். விடிந்தால் கங்கா நல்ல மனைவி. நோய் அவளுடையது, ஆனால் அதைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

இந்தக் கதை மொழி மாறிப் போன வழியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலையாள மூலமான ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படத்தில், நாயகி தன்னை மறந்து மாறிப்போகும் அந்த நாட்டியக்காரி தஞ்சாவூர்த் தமிழச்சி, பேசுவது தமிழ். கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் தமிழ்ச் ‘சந்திரமுகி’யிலும் அவள் தெலுங்கு பேசுகிறாள். இந்திக்குப் போனதும் (‘பூல் புலையா’, 2007) வங்காளப் பெண்ணாகிவிட்டாள். மொழிக்கு மொழி கதாநாயகன் மாறினான், பாட்டு மாறியது. ஒன்று மட்டும் மாறவில்லை: ஆத்திரமும் ஆசையும் கொண்ட பெண் எப்போதும் பக்கத்து மாநிலத்துக்காரி. ‘நம்ம வீட்டுப் பெண்’ அப்படி இருக்க மாட்டாள், அப்படி இருந்தால் வேறு யாரோ அவளுக்குள் புகுந்திருக்க வேண்டும். தமிழச்சியைப் பேயாக்கியதற்காகக் கேரளத்தின் மேல் நமக்குக் கோபம் வரவில்லை. தெலுங்குப் பெண் கிடைத்த நிம்மதியில் இருந்துவிட்டோம் போலும்.

மூன்றாம் ஆண்டு படித்த ஒரு மாணவி. ஊர் பெயர் வேண்டாம். அவளுடைய அம்மா பல ஆண்டுகளாக மனநோய்க்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்துத்தான். தெருவில் அவருக்குப் பெயர் சந்திரமுகி. சின்னப் பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் கண்ணை உருட்டிக் காட்டிவிட்டு ஓடுவார்களாம். திரைப்படம் பற்றிய ஒரு வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு அவள் நின்றாள். “எங்கம்மா ஒருநாளும் யாரையும் அடிச்சதில்ல மேம். அடி வாங்கினதுதான் உண்டு,” என்றாள். மனநோயாளி பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதை மருத்துவ இலக்கியம் பக்கம் பக்கமாகச் சொல்லும். அந்தப் பெண் ஒரு வாக்கியத்தில் சொன்னாள்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். சந்திரமுகி இதற்கு நான்கு ஆண்டு கழித்து வந்த படம். மனநோயாளியைப் பார்த்து ஒரு வீடே நடுங்குவதை நாம் மாதக்கணக்கில் போய்ப் பார்த்தோம். சங்கிலியில் கிடந்தவர்கள் எதைப் பார்த்து நடுங்கியிருப்பார்கள் என்று காட்ட எந்தத் திகில் படமும் ஏர்வாடிப் பக்கம் போகவில்லை. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று சட்டத்தில் எழுதவே 2017 வரை ஆயிற்று.

இந்த இடத்தில் நான் படித்த படிப்பு குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் உணர்ச்சி எட்டு, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்று வகுக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்களாக அது சொல்பவை அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. மூப்பையும் பிணியையும் வருத்தத்தையும் மென்மையையும் அச்சத்தில் சேர்க்கவில்லை. அவற்றை இளிவரலில் வைக்கிறது, மனிதர் தாழ்வுறும் நிலையைத் தன்னிடத்திலும் பிறரிடத்திலும் கண்டு மனம் குன்றுவது அது. உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைக்கழித்தல், கொலை ஆகிய நான்கும் எங்கே வருகின்றன தெரியுமா? வெகுளியில். ஒரு மனிதரை அடித்துக் கொன்று புதைத்தால் அதைக் கண்டவருக்குப் பிறக்க வேண்டியது கோபம் என்கிறது இலக்கணம்.

தொல்காப்பியரைப் பெண்ணியவாதி ஆக்க நான் வரவில்லை. பேதைமையையும் மடமையையும் நகைக்குரியவையாக வைத்தவரும் அவர்தான். நம் காமெடி டிராக்குகளின் கொள்ளுத்தாத்தா அந்தச் சூத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவருடைய கணக்கை அளவுகோலாக வைத்தால் பேய்ப்படம் செய்யும் மாற்றல் துல்லியமாகத் தெரிகிறது. வெகுளியில் இருக்க வேண்டிய கொலையையும், இளிவரலில் இருக்க வேண்டிய பிணியையும் ஊனத்தையும் எடுத்து அச்சத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. நாம் கோபப்பட வேண்டிய இடத்தில் பயப்படுகிறோம். அதுவும் கொன்றவனைப் பார்த்து இல்லை, கொல்லப்பட்டவளைப் பார்த்து. கோபப்பட்டவர் எழுந்து ஏதாவது செய்யக்கூடும். பயந்தவர் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், விளக்கு போட்டதும் வீட்டுக்குப் போய்விடுவார். அந்தப் பயம் மட்டும் கூடவே போகும். அடுத்த நாள் பேருந்தில் ஒரு திருநங்கை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் ஒரு பெண்மணி எழுந்து நிற்பாரே, அப்போது அது தெரியும். என் தோழி ஒருவரைத் தெருவில் பையன்கள் ‘ஒம்போது’ என்று கத்திய காலம் போய் இப்போது ‘காஞ்சனா’ என்று கத்துகிறார்கள். படம் மரியாதை வாங்கித் தந்தது என்று சொல்பவர்களிடம் அவர் கேட்பது, “இதுல எது மரியாதை?”

சைக்கோ த்ரில்லர் என்ற அண்டை வகைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதன் சூத்திரம் அரை நூற்றாண்டாக மாறவே இல்லை. பெண்களை வரிசையாகக் கொல்பவன் ஒருவன். அவன் ஏன் அப்படியானான் என்பதற்கு ஒரு ஃப்ளாஷ்பேக். அந்த ஃப்ளாஷ்பேக்கின் அடியில் தோண்டினால் ஒரு பெண். ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978): துரோகம் செய்த பெண்கள். ‘மன்மதன்’ (2004): தம்பியை ஏமாற்றிய காதலி. ‘ராட்சசன்’ (2018): தன்னை மறுத்த பள்ளித் தோழி. ‘சைக்கோ’ (2020): கொடுமைப்படுத்திய ஆசிரியை. செத்தவளும் பெண், சாகடிக்க வைத்தவளும் பெண். ராட்சசன் இன்னும் ஒரு படி போகிறது. கொலைகாரனுக்கு இளவயதிலேயே முதுமை தட்டும் ஒரு நோயைக் கொடுத்து, அம்மாவின் வேடத்தையும் மாட்டிவிடுகிறது. அரிய நோயுள்ள உடம்பு, பெண் வேடமிட்ட ஆண் உடம்பு, இரண்டையும் ஒரே முகமூடியில் ஒட்டிப் பள்ளிச் சிறுமிகளின் எமனாக நிறுத்துகிறது. படம் விறுவிறுப்பானது, ஒத்துக்கொள்கிறேன். அந்த விறுவிறுப்புக்கு விலை கொடுப்பவர்கள் தியேட்டருக்கு வெளியே இருக்கிறார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள், பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்று ஆண்டுதோறும் சொல்கின்றன. பொள்ளாச்சியில் பெண்களைப் பழகி ஏமாற்றி வீடியோ எடுத்து மிரட்டியவர்களுக்கு முதுமை நோயும் இல்லை, அம்மா வேடமும் இல்லை. சிரித்த முகமாகப் புகைப்படம் போட்டுக்கொண்ட, ஊரில் நல்ல பெயர் உள்ள இளைஞர்கள். 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அவர்களில் எவர் முகத்தைப் பார்த்தாலும் எந்த இயக்குநரும் வில்லன் வேடத்துக்கு எடுக்க மாட்டார். முகத்தை வைத்து ஆபத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று பெண்பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் வகைமை, அவர்களை ஆபத்தின் பக்கத்திலேயே உட்கார வைக்கிறது.

சென்சார் என்ன செய்கிறது என்று கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும், கேலி செய்யும் காட்சிகள் கூடாது என்று சான்றிதழ் வழிகாட்டு நெறிகளில் 1991லிருந்தே எழுதியிருக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், இயலாமையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, இயலாமையை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. நல்லது. ஆனால் எனக்குத் தடையில் நம்பிக்கையில்லை. வெட்டும் கத்தரி இன்று ஒரு கேலியை வெட்டும், நாளை ‘விசாரணை’ போன்ற ஒரு படத்தை வெட்டும். தவிர, கத்தரியால் ஒரு வசனத்தை எடுக்கலாம். பயத்தை யார் மேல் ஏற்றுகிறோம் என்ற அந்த ஏற்பாட்டை எடுக்க முடியாது.

அந்த ஏற்பாட்டில் காணாமல் போன ஒன்றைச் சொல்ல வேண்டும். அச்சத்தின் நான்கு இடங்களில் கடைசி, தம்மை ஆளும் இறை. இலக்கண ஆசிரியருக்கே தெரிந்திருக்கிறது, அரசனைக் கண்டால் குடிமக்களுக்கு அடிவயிறு கலங்கும் என்று. நம் திகில் படங்களில் அணங்கு உண்டு, விலங்கு உண்டு, கள்வர் உண்டு. இறை மட்டும் இல்லை. இருந்தால் அது காக்க வரும் இன்ஸ்பெக்டர். ராட்சசனின் கதாநாயகன் போலீஸ். கடைசியில் சைரன் ஒலித்தால் நமக்கு மூச்சு வருகிறது. பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைச் செய்தியாளர்களிடம் வெளியிட்டவர் அந்த மாவட்டக் காவல்துறையின் உயரதிகாரி. இரவு ரோந்து வண்டியின் விளக்கு தூரத்தில் தெரிந்தால் சாலையோரத்தில் நிற்கும் திருநங்கைகள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘விசாரணை’, ‘ஜெய் பீம்’, ‘விடுதலை’ போன்ற படங்கள் அந்தப் பயத்தைக் காட்டின. அவற்றைச் சமூகப் படம் என்கிறோம், அரசியல் படம் என்கிறோம். திகில் படம் என்று யாரும் சொல்வதில்லை. காவல் நிலையத்துக்குள் நடப்பது வேறு யாருக்கோ நடப்பது, பங்களாவுக்குள் நடப்பதுதான் நமக்கு நடக்கக்கூடியது என்று நம்புகிறவர்களுக்காக இந்த வகைமை எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை பேரிடம் பங்களா இருக்கிறது?

1992 ஜூன் 20ஆம் தேதி தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். மலைவாழ் மக்களின் கிராமம் அது. ஊரையே ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் இழுத்துப்போய் வல்லுறவு செய்தார்கள். கிணற்றைக்கூடப் பாழாக்கினார்கள். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேருக்குத் தண்டனை, அவர்களில் 17 பேருக்கு வல்லுறவுக்காக. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

திகில் படத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. இரவு, மரம், ஏரி, பாழ்பட்ட கிணறு, ஆள் இல்லாமல் கிடந்த வீடுகள். இல்லாதது ஒன்றுதான். அந்தப் பெண்கள் சாகவில்லை. அந்த ஆண்டு சிறுமியாக இருந்தவள் உட்பட, சிறைக்குப் போய், வெளியே வந்து, பிள்ளை பெற்று, கூலி வேலைக்குப் போய், வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றப் படியேறி, இவர்கள்தான் என்று சொன்னார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் கூட நின்றார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு முன்பு, 2023 மார்ச்சில் நீதிபதி நேரில் வாச்சாத்திக்கு வந்தார். ஏறக்குறைய 31 ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் பெண்கள் யார் உடம்பையும் இரவல் வாங்காமல், தங்கள் வாயால், தங்கள் ஊரில் நின்று அவரிடம் பேசினார்கள்.

திரைக்கதைப் பட்டறைகள் நடத்துபவர்களில் சிலரை எனக்குத் தெரியும். கல்லூரிகளுக்கு வந்து எங்கள் பிள்ளைகளுக்கு வகைமைகளைக் கற்றுத்தருகிறார்கள். அடுத்த முறை வரும்போது இந்தப் பெண்களின் கதையைக் கொடுத்து, பேய் இல்லாமல், போலீஸ் கதாநாயகன் இல்லாமல், செத்துப்போகாத ஒருத்தியை நடுவில் வைத்து முதல் பத்துக் காட்சிகளை எழுதச் சொல்லப் போகிறேன். எந்த வகைமை என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலை அவர்களே சொல்லட்டும்.